அலைகளும் ஒளியும்: திருப்புதலை ஒரு கயிற்றிலிருந்து தொடங்குங்கள்

போன வாரம் இரண்டாம் திருப்புதல் தேர்வின் இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்தினேன். மொத்தம் 43 தாள்கள். அதில் ஒரு கணக்கு இப்படி: ‘0.1 மி.மீ. அகலமுள்ள ஒற்றைப் பிளவில் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி விழுகிறது. திரை 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மையப் பொலிவுப் பட்டையின் அகலம் என்ன?’ விடை 12 மி.மீ. பத்தொன்பது பேர் 6 மி.மீ. என்று எழுதியிருந்தார்கள். யங் இரட்டைப் பிளவின் பட்டை அகலச் சூத்திரத்தை அப்படியே இதிலும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேர் இரண்டு சூத்திரங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள். படிக்காமல் போன தவறு என்று இதைச் சொல்ல முடியாது. சூத்திரத்தை மட்டும் படித்ததால் வந்தது.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழி மாணவிகளுக்கு 22 வருடங்களாக இயற்பியல் எடுக்கிறேன். அலைகள், ஒளி இரண்டையும் திருப்பிப் படிக்க என் வகுப்பில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

நம் பாடத்திட்டத்தில் இந்த விஷயம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்பின் கடைசிப் பாடம் ‘அலைகள்’. பெரும்பாலும் வருடக் கடைசியில் ஓட்டமாக நடத்தி முடிக்கப்படுவது. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் தொகுதியில் மின்காந்த அலைகள், இரண்டாம் தொகுதியில் கதிர் ஒளியியல், அப்புறம் அலை ஒளியியல். புத்தக வரிசையிலேயே திருப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனி ஊர் மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற பாதை தெரியாது. என் வரிசை இதுதான்: பதினொன்றாம் வகுப்புக் கயிற்றில் தொடங்கி, காற்றுத்தம்பம், சோப்புப் படலம், இரட்டைப் பிளவு, ஒற்றைப் பிளவு என்று போய், லென்சும் ஆடியும் கடைசியில். பத்து மாலைகள் போதும், மாலைக்கு ஒன்றரை மணி நேரம்.

வேண்டிய பொருள்கள்: கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், சிவப்புப் பேனா, மூன்று மீட்டர் கயிறு. ஒரு நாள் மட்டும் ஒரு லேசர் லைட். புத்தகம் மூடியே இருக்க வேண்டும். முதலில் தெரிந்ததைப் படமாக வரைந்து எழுதுங்கள், அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். முதல் மாலையில் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். இருக்கட்டும். மூன்றாம் முறை அதே படத்தைப் போடும்போது சிவப்பு தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு முறை வாசிப்பதை நான் திருப்புதல் என்றே கணக்கில் எடுப்பதில்லை. வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

கயிறு

கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரே ஒரு வெட்டு வெட்டுங்கள். மேடு ஒன்று ஓடிப்போய்க் கம்பியில் மோதி, பள்ளமாகத் திரும்பி வரும். கட்டிய முனையில் எதிரொளித்த அலை தலைகீழாகிறது. புத்தக மொழியில், பை அளவுக்குக் கட்ட மாற்றம். இதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாலை கழித்து ஒளியில் இதே விஷயம் வரப்போகிறது.

அப்புறம் நோட்டில் இரண்டு படங்கள். இரண்டும் ஒரே வளைவுதான். ஒன்றில் கிடை அச்சு தூரம், மற்றொன்றில் கிடை அச்சு நேரம். முதல் படத்தில் மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி அலைநீளம். இரண்டாவதில் அதே இடைவெளி அலைவு நேரம். ஒன் மார்க் கேள்விகளில் படத்தைக் கொடுத்து அதிர்வெண்ணைக் கேட்பார்கள். கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விடை குறிக்கிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். கேள்வியில் படம் இருந்தால் முதலில் விரல் வைக்க வேண்டிய இடம் கிடை அச்சு.

இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள். ஒரே இடத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பிய இரண்டு அலைகள் வேறு வேறு தூரம் நடந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன. நடந்த தூரத்தின் வித்தியாசம் முழு அலைநீளமாகவோ, இரண்டு, மூன்று அலைநீளங்களாகவோ இருந்தால் மேடும் மேடும் சேரும், ஆக்கக் குறுக்கீடு. அரை அலைநீளம், ஒன்றரை, இரண்டரை என்று இருந்தால் மேடும் பள்ளமும் சேரும், அழிவுக் குறுக்கீடு. வழியில் எங்காவது ஓர் அலை மட்டும் தலைகீழானால் இந்த இரண்டு வரிகளும் இடம் மாறும். அலை ஒளியியலில் நீங்கள் சந்திக்கப்போகிற கணக்குகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் ‘எந்த இரண்டு அலைகள்? யார் எவ்வளவு அதிகம் நடந்தார்?’ என்று கேளுங்கள். சூத்திரம் அதற்கு அப்புறம்தான்.

காற்றுத்தம்பம்

ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவியில் நீர் மட்டத்தில் கணு (காற்று அசையாத இடம்), திறந்த வாயில் எதிர்க்கணு (அதிகம் அசையும் இடம்). கணுவுக்கும் அடுத்த எதிர்க்கணுவுக்கும் கால் அலைநீளம். அதனால் முதல் ஒத்ததிர்வு கால் அலைநீளத்தில், இரண்டாவது முக்கால் அலைநீளத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் அரை அலைநீளம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு 16.0 செ.மீ., 49.5 செ.மீ. என்று அளவுகள் கிடைத்தால் வித்தியாசம் 33.5 செ.மீ., அலைநீளம் 67 செ.மீ. 512-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 343 மீட்டர்.

முதல் அளவை மட்டும் எடுத்து நாலால் பெருக்கினால் என்ன ஆகும்? 64 செ.மீ. வரும், வேகம் 328-க்குக் குறைந்துவிடும். எதிர்க்கணு குழாயின் வாயில் சரியாக நிற்காமல் சற்று வெளியே தள்ளி நிற்பதுதான் காரணம். அந்தச் சற்றுக்குப் பெயர் முனைத் திருத்தம். ஏன் இரண்டு அளவு எடுக்கிறோம் என்பதற்கு இதுதான் பதில், கழிக்கும்போது முனைத் திருத்தம் அடிபட்டுப் போகிறது. செய்முறைத் தேர்வில் வாய்மொழியாகக் கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், கேட்கிறவர் முகம் மலரும்.

ஒரு பக்கம் மூடிய குழாயில் 1, 3, 5 என்ற விகிதம். புல்லாங்குழல் மாதிரி இரு பக்கமும் திறந்ததில் 1, 2, 3. இதை உரு போடாதீர்கள், மூன்று மூன்று படம் போட்டால் தானாக வரும். தோல் வாத்தியத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. சாதாரண மத்தளத் தோலின் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. ஆனால் மிருதங்கத்தில் அமைகின்றன. வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சின் எடைதான் அதைச் செய்கிறது என்று விளக்கியவர் சர் சி. வி. ராமன். 1920-இல் அது நேச்சர் இதழில் வந்தது. தேர்வுக்கு இது வராது. ஆனாலும் நான் இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடித்ததில்லை, கோயில் திருவிழாவில் மிருதங்கம் கேட்கும்போது என் பிள்ளைகளுக்கு இது ஞாபகம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

விம்மல்களுக்கு வீட்டில் இருக்கிற இரண்டு போன்கள் போதும். தொனி எழுப்பும் செயலியில் ஒன்றில் 256, மற்றொன்றில் 260 வையுங்கள். ஒலி வினாடிக்கு நாலு முறை ஏறி இறங்குவது காதில் கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் ‘விம்மல் அதிர்வெண் என்பது அதிர்வெண்களின் வித்தியாசம்’ என்ற வரியை அதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

இதோடு நியூட்டன், லாப்லஸ். அஞ்சு மார்க்கில் அடிக்கடி வரும் கேள்வி, எண்ணோடு படித்தால் மறக்காது. காற்றின் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தார் நியூட்டன், வினாடிக்கு 280 மீட்டர் வந்தது. உண்மை அளவு 332. ஒலி செல்லும்போது வெப்பநிலை மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டதில் இருந்தது பிழை. நெருக்கமும் நெகிழ்வும் மிக வேகமாக நடக்கின்றன, காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது, வெப்பம் வெளியேற நேரமே இல்லை. ஆக அது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்றார் லாப்லஸ். அழுத்தத்தோடு 1.4-ஐப் பெருக்கினால் வேகம் 331-க்கு வந்துவிடுகிறது. விடைத்தாளில் காரணத்துக்கு மார்க் உண்டு. சமன்பாட்டை மட்டும் எழுதி ஏன் என்பதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. டாப்ளர் விளைவுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. ஒலி மூலமும் கேட்பவரும் நெருங்கினால் கேட்கும் அதிர்வெண் கூட வேண்டும், விலகினால் குறைய வேண்டும். போட்ட குறி அதைத் தருகிறதா என்று கடைசியில் சரிபார்த்தால் போதும்.

சோப்புத் தண்ணீர்

மூன்றாம் நாள் மாலை, ஒரு கம்பி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, செங்குத்தாகப் பிடித்து, குழல்விளக்கின் பிம்பம் அதில் தெரியும்படிப் பாருங்கள். வண்ணப் பட்டைகள் மெல்லக் கீழே இறங்கும். உடையப் போகும் சமயத்தில் மேல் ஓரம் கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்புத்தான் இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

யோசியுங்கள். மேலே படலம் மிக மிக மெல்லியது. முன்பக்கத்தில் எதிரொளித்த அலைக்கும் பின்பக்கத்தில் எதிரொளித்த அலைக்கும் பாதை வேறுபாடு ஏறக்குறைய சுழி. அப்படியானால் இரண்டும் சேர்ந்து பளிச்சென்று அல்லவா இருக்க வேண்டும்? முதல் நாள் கயிறு ஞாபகம் வருகிறதா? காற்றிலிருந்து வந்து அடர்மிகு ஊடகத்தில் மோதி எதிரொளிக்கும் ஒளி, ஜன்னல் கம்பியில் மோதிய கயிற்றலை போலத் தலைகீழாகிறது. பின்பக்கத்தில் சோப்புத் தண்ணீரிலிருந்து காற்றில் மோதுவது அடர்குறை ஊடகம், அங்கே தலைகீழ் ஆவதில்லை. ஓர் அலை மட்டும் கவிழ்ந்ததால் மேடும் பள்ளமும் சேர்ந்து இருட்டு. மெல்லேட்டுக் (இந்த மாதிரி மெல்லிய படலம்) கணக்கில் பொலிவுக்கும் கருமைக்குமான நிபந்தனைகளைப் பாதி வகுப்பு மாற்றி எழுதும். அந்த கறுப்பு ஓரத்தை நேரில் பார்த்தவர்கள் மாற்றி எழுதி நான் கண்டதில்லை.

இரண்டு பிளவு, ஒரு பிளவு

1801-இல் தாமஸ் யங் செய்த சோதனை. படத்தைப் பெரிதாகப் போடுங்கள், பக்கத்தில் பாதி. இரண்டு பிளவுகள், நடுப்புள்ளி, திரை, திரையில் ஒரு புள்ளி, ஒரு பிளவிலிருந்து மற்றதன் பாதைக்கு இறக்கிய செங்குத்து. அந்தச் சின்ன முக்கோணம்தான் தருவித்தல் முழுவதும். கோணம் சிறியது என்பதால் சைனும் டேனும் சமம், பாதை வேறுபாடு = பிளவுகளின் இடைவெளி × திரையில் உயரம் ÷ திரையின் தூரம். அதை ஓர் அலைநீளத்துக்குச் சமன் செய்தால் பட்டை அகலம் வந்துவிடும்: அலைநீளம் × திரையின் தூரம் ÷ பிளவுகளின் இடைவெளி. 600 நானோமீட்டர், 1 மீட்டர், 0.5 மி.மீ. என்றால் 1.2 மி.மீ. இந்த அளவை ஓர் அளவுகோலில் பார்த்துக்கொள்ளுங்கள். விடை 1.2 செ.மீ. என்று வந்தால் எங்கோ பத்தின் அடுக்கு தவறியிருக்கிறது என்று உங்களுக்கே உறைக்கும்.

சூத்திரத்தைக் கொண்டே கேட்கிற கேள்விகளும் உண்டு. சாதனம் முழுவதையும் தண்ணீரில் வைத்தால் அலைநீளம் முக்கால் ஆகும், பட்டையும் சுருங்கும். ஊதாவை விடச் சிவப்புக்குப் பட்டை அகலம் அதிகம். இரண்டு தனித்தனி பல்புகளை வைத்தால் ஏன் பட்டை வராது? அவற்றின் கட்ட வேறுபாடு நிலையாக இருக்காது, அவை ஓரியல் மூலங்கள் அல்ல. இந்தப் பதிலில் ‘நிலையான’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள்.

இனி அந்த 19 பேருக்கு வருகிறேன். இரட்டைப் பிளவில் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் என்றால் பொலிவு. ஒற்றைப் பிளவில் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் என்றால் கருமை. நேர் எதிர். இதை வெறுமனே மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் நிச்சயம் குழம்பும். காரணம் ரொம்ப எளிது. பிளவின் குறுக்கே நடுவில் ஒரு கோடு போட்டு மேல் பாதி, கீழ் பாதி என்று பிரியுங்கள். ஓரத்திலிருந்து ஓரம் ஓர் அலைநீள வித்தியாசம் என்றால் மேல் ஓரத்திலிருந்து நடுப்புள்ளிக்கு அரை அலைநீளம். ஆக மேல் ஓரப் புள்ளியும் நடுப்புள்ளியும் ஒன்றையொன்று அழிக்கும். அதற்கு அடுத்த புள்ளி, நடுவுக்கு அடுத்த புள்ளியோடு அழியும். இப்படியே மேல் பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ் பாதியில் ஒரு ஜோடி கிடைக்கும். எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போய்விட்டால் மிச்சம் என்ன? இருட்டு. வகுப்பில் இதற்காகப் பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, 1-ஆம் ஆளையும் 6-ஆம் ஆளையும் கை கோக்கச் சொல்லி உட்கார வைப்பேன், 2-உம் 7-உம், 3-உம் 8-உம் என்று. கடைசியில் யாரும் நிற்க மாட்டார்கள்.

முதல் கருமை இங்கே அலைநீளம் × தூரம் ÷ பிளவின் அகலம், அதாவது 6 மி.மீ. அது மையத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும். மையப் பொலிவு இரண்டு பக்கமும் 6, 6 பரவியிருக்கிறது. அதனால் 12. ‘அகலம்’ என்ற ஒரே சொல் ஒரு கணக்கில் பிளவின் அகலம், இன்னொன்றில் பட்டை அகலம், வேறொன்றில் மையப் பெருமத்தின், அதாவது மையப் பொலிவின், அகலம். கேள்வியில் அந்தச் சொல்லைக் கண்டதும் வட்டமிட்டு, எதன் அகலம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மாலை. உங்கள் தலைமுடி ஒன்றை ஓர் அட்டையின் ஓட்டையில் இறுக்கமாக ஒட்டி, இருட்டறையில் சிவப்பு லேசர் லைட்டை அதன் மேல் அடியுங்கள். சுவர் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். லேசரை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது, கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் எதிரே இருக்கக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம், கண் போனால் வராது. சுவரில் நடுவில் நீளமான பொலிவும் இரு பக்கமும் கருமை இடைவெளிகளும் தெரியும். மெல்லிய முடியும் அதே அகலமுள்ள பிளவும் மையத்துக்கு வெளியே ஒரே மாதிரி வடிவத்தைத்தான் தரும். நடுப் பொலிவின் இரு பக்கக் கருமைகளுக்கும் இடையே நான் அளந்தபோது 3.6 செ.மீ. இருந்தது, பாதி 1.8. லேசரின் மேல் 650 நானோமீட்டர் என்று ஒட்டியிருந்தது. அந்த 650-ஐ 2 மீட்டரால் பெருக்கி 1.8 செ.மீ.யால் வகுத்தால் முடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. மைக்ரோமீட்டர் திருகுமரை இல்லாமல் ஒரு முடியை அளந்துவிட்டீர்கள். போன வருடம் ஒரு மாணவி தன் முடியையும் தன் ஆச்சியின் நரைமுடியையும் அளந்து எழுதிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒற்றைப் பிளவை நான் மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒற்றைப் பிளவிலும் முடியிலும் பார்த்த, ஒளி ஓரங்களில் வளைந்து பரவும் இந்த நிகழ்வுக்குப் பெயர் விளிம்பு விளைவு. விளிம்பு விளைவு என்றதும் எனக்கு இன்னொரு மாணவர் ஞாபகம் வருவார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே செவ்வகத் துளையால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் ராமன். 1906-இல் லண்டனின் பிலசாபிகல் மேகசீனில் அது அச்சானது. நம் ஆய்வகத்தில் கீற்றணியை (நெருக்கமாகப் பல கோடுகள் கீறிய தகடு) வைத்து பாதரச விளக்கின் பச்சைக் கோட்டைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். அலைநீளம் 546 நானோமீட்டர் பக்கம் வர வேண்டும். இடப்பக்க அளவு, வலப்பக்க அளவு இரண்டையும் எடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்குவது ஏன் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்குவது, சின்னப் பகுதி. மாலஸ் விதியில் கொசைனை இருபடியாக்க மறக்காமல் இருந்தால் போதும், 60 டிகிரிக்குச் செறிவு கால் பங்கு. புருஸ்டர் விதியில் கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி, அப்போது எதிரொளித்த கதிரும் விலகிய கதிரும் செங்குத்து. போகும் திசையிலேயே அதிரும் நெட்டலைக்குத் தளவிளைவு கிடையாது, ஒலிக்கு ஏன் இல்லை என்ற இரண்டு மார்க் கேள்விக்கு அதுதான் பதில்.

குறி

கதிர் ஒளியியலில் கருத்துச் சிக்கல் குறைவு. மார்க் போவது கூட்டல் கழித்தல் குறியில். நான் பிளஸ் டூ எழுதியபோது எனக்கும் அதில்தான் போனது. குழி ஆடியின் குவியத் தூரத்தை நேர்க்குறியில் போட்டு, மாயபிம்பம் என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அன்று அழுதது இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்கு ஒரே எண்களை வைத்துச் சொல்லித்தருகிறேன்.

நோட்டை நடுவில் பிரித்து இடப்பக்கம் குவிலென்சு, வலப்பக்கம் குழி ஆடி. இரண்டுக்கும் குவியத் தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில். ஒளி இடமிருந்து வலமாகப் போகிறது, அந்தத் திசை கூட்டல், எதிர்த்திசை கழித்தல். லென்சில் பொருள் −30, குவியம் +20. லென்சுச் சமன்பாட்டில் பிம்பத்தின் தலைகீழியிலிருந்து பொருளின் தலைகீழியைக் கழிக்க வேண்டும். பிம்பம் +60, லென்சின் மறுபக்கம். ஆடியில் பொருள் −30, குவியம் −20. ஆடிச் சமன்பாட்டில் இரண்டு தலைகீழிகளையும் கூட்ட வேண்டும். பிம்பம் −60, ஆடியின் முன்பக்கம், பொருள் இருக்கும் அதே பக்கம். லென்சின் உருப்பெருக்கம் பிம்பத் தூரத்தைப் பொருள் தூரத்தால் வகுப்பது, 60 ÷ −30, அதாவது −2. ஆடிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி உண்டு, அதுவும் −2. இரண்டிலும் தலைகீழான, இருமடங்கு பெரிய மெய்பிம்பம். எண் ஒன்று, விடையின் பொருள் ஒன்று, குறிகள் மட்டும் வேறு. இந்தப் பக்கத்தை மூன்று நாள் தொடர்ந்து போடுங்கள். நாலாவது நாள் பொருளை 10 செ.மீ.க்கு மாற்றிப் போடுங்கள், மாயபிம்பம் எப்படிக் குறியில் தெரிகிறது என்று பார்ப்பீர்கள்.

கணக்கில் எண்ணை இடும் முன்பே கதிர்ப்படத்தை ஓரத்தில் கிறுக்குங்கள். பிம்பம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று படம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

தோற்ற ஆழத்துக்கு எங்கள் ஊர்க் கிணறு போதும். ‘தண்ணி கிட்டத் தெரியுதேன்னு இறங்காத’ என்று என் ஆச்சி சொல்லுவாள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 4/3, எட்டு மீட்டர் ஆழம் நேர் மேலிருந்து பார்க்க ஆறு மீட்டராகத் தெரியும். முழு அக எதிரொளிப்புக்கு இரண்டு நிபந்தனையையும் எழுத வேண்டும், அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்துக்கு என்பது ஒன்று, படுகோணம் மாறுநிலைக் கோணத்தை விட அதிகம் என்பது மற்றொன்று. ஒன்றை விட்டாலும் ஒரு மார்க் போகும். கண்ணாடிக்குச் சுமார் 42 டிகிரி, வைரத்துக்கு 24. வைரம் ஏன் ஜொலிக்கிறது என்ற கேள்விக்கு இந்த 24-ஐ எழுதுங்கள்.

பெரிய தருவித்தல்களில் முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றம், லென்சு உருவாக்குபவர் சமன்பாடு, ஒளி இழையின் ஏற்புக் கோணம், ஹைகென்ஸ் தத்துவப்படி ஒளிவிலகல் ஆகிய நாலையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் இரண்டு நாள் படம் மட்டும் வரையுங்கள், வரிகள் வேண்டாம். கோணங்களைச் சரியாகக் குறித்த முப்பட்டகப் படத்தில் முதல் நாலு வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாம் நாள் வரிகளை எழுதும்போது, ஒவ்வொரு வரிக்கும் படத்தின் எந்த முக்கோணம் என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள். எந்த வரியில் சொல்ல முடியவில்லையோ அங்கேதான் தேர்விலும் நிற்பீர்கள். அந்த வரியை மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள். ‘ஒண்ணுமே புரியல மிஸ்’ என்று வருகிற பிள்ளையை விட ‘இந்த வரி எப்படி வந்தது மிஸ்’ என்று கேட்கிற பிள்ளைக்கு என்னால் ஐந்து நிமிடத்தில் உதவ முடிகிறது.

தேர்வு அன்று

எழுத்துத் தேர்வு 70 மார்க், மூன்று மணி நேரம். ஒன் மார்க் 15, இரண்டு மார்க்கில் 9-க்கு 6, மூன்று மார்க்கில் 9-க்கு 6, அஞ்சு மார்க் 5. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம். அந்தக் கட்டாயக் கேள்வி பெரும்பாலும் கணக்கு. கேள்வித்தாளைப் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் எழுத முடியாது, ஆனால் யோசிக்கலாம். அந்த இரண்டு கட்டாயக் கேள்விகளையும் அப்போதே படித்து, எந்தப் படம் என்று மனதில் போட்டு வையுங்கள்.

அலகு மாற்றத்தை முதல் வரியிலேயே செய்துவிடுங்கள். நானோமீட்டர் என்றால் பத்தின் அடுக்கு −9, ஆங்ஸ்ட்ராம் என்றால் −10, மி.மீ. என்றால் −3. கொடுக்கப்பட்டவை என்று எழுதும்போதே எல்லாவற்றையும் மீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் நடுவில் தடுமாற வேண்டாம். படங்களை ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் போடுங்கள், கதிரில் அம்புக்குறி இல்லாவிட்டால் அது வெறும் கோடு, மார்க் குறைப்பார்கள்.

முந்தின இரவு புதிதாக எதையும் எடுக்காதீர்கள். அந்தக் கோடு போடாத நோட்டைப் புரட்டி, சிவப்பு மை அதிகம் இருக்கும் பக்கங்கள் நாலைந்து இருக்கும், அவற்றின் படங்களை மட்டும் வேறொரு தாளில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். லென்சும் ஆடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை அவசியம் போடுங்கள். பென்சிலைச் சீவி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டு பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.